டிரங்க் காலில் வந்த பேகடா

தவமணி அந்தச் சீட்டை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு நான்காவது முறை எழுதினாள். எழுத வேண்டியது என்னவோ ஒரே வரிதான். ‘பேகடா ராகம், சொல்லிழந்து நின்றேன் அம்மா, தயவுசெய்து முழுவதும் பாடவும்.’ கீழே பேர் போடவில்லை. முதல் சீட்டில் ‘ஒரு ரசிகை’ என்று போட்டுப் பார்த்தாள். சினிமாப் பத்திரிகைக்கு எழுதின மாதிரி இருந்தது, கிழித்துவிட்டாள்.

மார்கழி மாதம், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சபா, மாலை நாலு மணிக் கச்சேரி. மேடையில் அபயாம்பாள். அறுபத்தெட்டு வயது. இந்த சீசனோடு மேடைக்கு முழுக்குப் போட்டுவிடுவதாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார். சென்னையில் இதுதான் கடைசி. தை பிறந்ததும் கும்பகோணத்தில் ஒன்று, அதோடு சரி. இன்றைக்குக் கேட்காவிட்டால் அந்தப் பாட்டை இனி யாரிடம் போய்க் கேட்பது? அந்தத் தவிப்பில்தான் பேனாவைக் கடன் வாங்கி, தவமணி அந்தச் சீட்டை எழுதினாள்.

தோடி முடிந்து மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கக் கையை வைத்தார். உடனே பாதிச் சபை கான்டீனுக்கு எழுந்தது. இவர்கள் எல்லாம் மகா ரசிகர்கள் என்றுதான் ஊரில் பேர். கீரை வடைக்கு முன்னால் லயம் எம்மாத்திரம்! அந்தச் சந்தடியில்தான் சீட்டுகள் மேடைக்குப் போகும். ஆறாவது வரிசையிலிருந்த தவமணி, “கொஞ்சம் முன்னாடி குடுத்துடுங்க” என்று முன் நாற்காலிக்காரர் தோளைத் தொட்டுக் கொடுத்தாள். சீட்டு கைமாறிக் கைமாறி முதல் வரிசைப் பட்டாபிராமனிடம் போயிற்று. முப்பது வருஷமாக முதல் வரிசையை விட்டு நகராத மனிதர், சீட்டு எழுதுவதே தொழிலாக வைத்திருப்பவர். அவர் எழுந்து, மேடை விளிம்பில் ஏற்கெனவே இருந்த இரண்டு சீட்டுகளோடு இதையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

 நாற்பத்து நான்கு வருஷமாகத் தவமணி தேடுகிற பாட்டு அது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த வித்வானும் பாடிக் கேட்டதில்லை. அபயாம்பாளுக்கு அது தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்தான் வம்பு.

எழுபத்து நாலாம் வருஷம் தவமணிக்கு இருபத்தொரு வயது. கும்பகோணம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் ஆபரேட்டர் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரே பலகையில் விளக்கு எரிந்தால் கயிற்றை எடுத்துச் செருக வேண்டும், பேச்சு முடிந்தால் பிடுங்க வேண்டும். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை குறுக்கே புகுந்து “மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கவா?” என்று கேட்க வேண்டும். மற்றபடி யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்கக் கூடாது. சேர்ந்த அன்றைக்கே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாற்காலியில் உட்காரவே விட்டார்கள். தவமணியும் அதுவரை அந்த விதியை மீறினவள் இல்லை. மீறும் அளவுக்கு அங்கே யாரும் சுவாரசியமாகப் பேசவில்லை என்பது வேறு விஷயம். வெற்றிலை லோடு வந்ததா, மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தாச்சா, இதுதான் அந்த ஊர் ரகசியம் எல்லாம்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வக்கீல் வீட்டு நம்பரிலிருந்து சென்னைக்கு ஒரு கால். கால் கணக்கு எழுதும் டிக்கெட்டில், பேசுகிறவர் பேர் ‘அபயாம்பாள்’ என்று எழுதினாள். லைன் கிடைத்தது, இணைத்தாள். ஒரு நிமிஷம் கழித்து, பலகையில் லைனைக் கேட்பதற்கான சாவியைத் தள்ளி, இரண்டு பக்கமும் பேசுகிறார்களா என்று பார்த்தாள். அது அவள் வேலை. சென்னைப் பக்கம் பேச்சு மூச்சே இல்லை. லைன் செத்துவிட்டதோ என்று கயிற்றில் கை வைத்தபோது, இந்தப் பக்கம் ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்.

தவமணிக்கு அதுவரை தெரிந்த சங்கீதம் டீக்கடை ரேடியோ சினிமாப் பாட்டு. தகப்பனார் வீட்டில் ரேடியோகூடக் கிடையாது. பாட்டு என்றால் அதுபாட்டுக்கு எங்கேயோ ஓடும், இவள் அதுபாட்டுக்குச் சோறு வடிப்பாள். இது அப்படி இல்லை. காதுக்குள்ளேயே ஒருத்தி உட்கார்ந்து, வீட்டில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று அடக்கி அடக்கிப் பாடினாள். ஒரு வரி பாடி நிறுத்தினாள். அந்தப் பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த வரி. ‘டொக், டொக்.’ உடனே அதே வரியைத் திரும்பப் பாடினாள், இந்தத் தடவை ஒரு இடத்தில் கொஞ்சம் இழைத்து. ‘டொக்.’ மேலே போனாள்.

யாரோ நகத்தால் போனைத் தட்டுகிறார்கள். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் திரும்ப. இது தவமணிக்குப் புரியவே நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. புரிந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்றால் யாரும் டியூட்டி கேட்க மாட்டார்கள். தவமணி கேட்டு வாங்கினாள். முதல் மாதம் ஒரு தோடி, ஒரு சுருட்டி, இன்னும் ஏதேதோ வந்தது. அப்புறம் இந்தப் பேகடாதான், மாதம் ஒரு வரி, இரண்டு வரி, அதையே வாராவாரம் திரும்பத் திரும்ப. கேட்டதை வாரம் முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரிவாள். ஒரு நாள் கும்பேசுவரர் கோயிலில் நாகஸ்வரக்காரர் வாசித்ததில் அதே வளைவு, அதே குழைவு காதில் விழுந்ததும் ஓடிப்போய், “இது என்னங்க?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள். “பேகடாம்மா” என்று அவர் சொன்னார். தனக்கு ஒரு பெண் பிறந்து யாரோ பேர் வைத்த மாதிரி அத்தனை சந்தோஷம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். கல்யாணம், குழந்தைகள், சென்னைக்கு மாற்றல், பென்ஷன் எல்லாம் வந்தும் இது மட்டும் தெளியவில்லை.

ஆறு நிமிஷத்துக்கு மேல் ஒரு காலை விடக் கூடாது. மற்றவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். தவமணி பத்து நிமிஷம் விடுவாள், பன்னிரண்டு விடுவாள், டிக்கெட்டில் ஆறு என்று எழுதுவாள். மூன்று நிமிஷக் கேள்வியையும் கேட்க மாட்டாள். பாட்டுக்கு நடுவே “நீட்டிக்கவா” என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. திருட்டுத்தனம் என்று தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, கொட்டுகொட்டென்று மழை. பாட்டு முடியும் நேரம் வந்துவிட்டது என்று அவளுக்கே தெரிந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணத்தில் மூன்று வரி. பன்னிரண்டாவது நிமிஷம் கடைசி வரியை எடுக்கிற நேரத்தில், சூப்பர்வைசர் தாமோதரன் பின்னால் வந்து நின்று, “என்ன தவமணி, வக்கீல் வீட்டு டிக்கெட்டைக் காட்டு” என்று கையை நீட்டினார். டிக்கெட்டில் முன்கூட்டியே எழுதி வைத்த ஆறு. சுவரில் கடிகாரம். தவமணி வெடுக்கென்று கயிற்றைப் பிடுங்கிவிட்டாள்.

அவர் அந்தப் பக்கம் போனதும் வக்கீல் வீட்டு விளக்கு மினுக்மினுக்கென்று அடித்தது. “எக்ஸ்சேஞ்ச்! லைன் போயிடுத்தே, போட்டுக் குடுங்கோ, ஒரே நிமிஷம் போதும்” என்று அந்தப் பெண் கெஞ்சினாள். தாமோதரன் இன்னும் பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். “மழைங்க. மெட்ராஸ் லைன் அவுட் ஆயிடுச்சு. ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள் தவமணி, ஆபரேட்டர் குரலில்.

அடுத்த ஞாயிறு கால் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வக்கீல் வீட்டு மருமகள் பாடக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். சில வருஷம் கழித்து அபயாம்பாள் என்ற பேரைச் சென்னைச் சபா நோட்டீஸில் பார்த்தபோது, முதல் கச்சேரிக்கே ஓடினாள். அதே குரல்தான். அன்றிலிருந்து நாற்பது வருஷமாக அவர் எங்கே பாடினாலும் ஆறாவது, ஏழாவது வரிசையில் தவமணி இருந்தாள். அவர் பேகடா எவ்வளவோ பாடினார். அந்தப் பாட்டை மட்டும் பாடவே இல்லை.

அதனால்தான் சீட்டு.

தனி முடிந்தது. கான்டீன் கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியது. அபயாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டுகளை எடுத்தார். முதலாவதைப் பார்த்துச் சிரித்தார், இரண்டாவதை வயலின்காரரிடம் காட்டினார். மூன்றாவதைப் பிரித்தவர் பிரித்தபடியே இருந்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. சட்டென்று நிமிர்ந்து, சபையை வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வை தன்மேல் வந்தபோது தவமணி குனிந்து, கைப்பையில் எதையோ தேடினாள்.

வயலின்காரர் குனிந்து ஏதோ கேட்டார். அபயாம்பாள் தலையை ஆட்டிவிட்டு, சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்ததாக அவர் பாடியது மங்களம். இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போது மங்களம்! பாடி முடித்து, யாரையும் பார்க்காமல் கும்பிட்டுவிட்டு, சிஷ்யையின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சால்வையும் மாலையும் தட்டிலேயே கிடந்தன.

கடைசிக் கச்சேரி இப்படி முடிந்தால் சபை சும்மா இருக்குமா? காரியதரிசி சேஷகிரி படியிறங்கி வந்து நேரே பட்டாபிராமனைப் பிடித்தார்.

“என்னய்யா எழுதிக் குடுத்தீர்?”

“நான் எழுதலை சார்! பின்னாலேர்ந்து வந்தது, எடுத்து வெச்சேன். அவ்வளவுதான்.”

“முப்பது வருஷமா இந்தச் சபாவுல சீட்டு எழுதறவர் நீர் ஒருத்தர்தானே? போன சீசன்ல அந்தச் சின்னப் பையனுக்கு, ‘வர்ணத்தைப் பாடம் பண்ணிண்டு வா’ன்னு எழுதி அனுப்பினது யாரு?”

“அது நான்தான். அதை ஒத்துக்கறேன். இது நான் இல்லை!”

“பெரியவா ஓய்வு எடுத்துக்கற நாள்ல என்ன நக்கல் எழுதித் தொலைச்சீரோ. நாளையிலேர்ந்து முதல் வரிசைப் பக்கம் உம்மைப் பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“அடப்பாவிகளா, சத்தியமா நான் எழுதலை. யாராவது சொல்லுங்களேன், பின்னாலேர்ந்துதானே வந்தது?”

பட்டாபிராமன் சுற்றிலும் பார்த்தார். வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். தவமணி நாலு அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். ‘நான்தான்’ என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். அந்த மனிதர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன்னைப்போல் ஒரு கோழை ஊரில் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. அதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் சிங்காரத்திடம் முழுக்கச் சொல்லி அழுதாள். சிங்காரம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதத்துக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது.

“இத்தனை வருஷம் ‘ஆ’ கேட்டு வந்தே, இன்னிக்கு ‘ஐயோ’ கேட்டு வந்திருக்கே” என்றார். அவள் அழுகை நிற்காததைப் பார்த்துத் தணிந்தார். “ஏம்மா, ஒரு பாட்டைப் பாடுங்கன்னு கேட்டே. அதுல என்ன கொலைக்குத்தம்?”

“அவங்க மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க. ஏதோ செத்தவங்களைப் பார்த்த மாதிரி...”

“சரி, அதுக்கு? நேரா போயி, ‘அம்மா, கவர்மென்ட் சம்பளத்துல உக்காந்து உங்க போனை ஒட்டுக்கேட்டேன்’னு சொல்லப் போறியா? சொல்லிட்டு வா. இருக்கற பென்ஷனையும் நிறுத்திடுவான். ரெண்டு பேரும் சபா வாசல்ல உக்காந்து சுண்டல் விக்கலாம்.”

சிரிப்பு வரவில்லை. மறுநாள் பேப்பரில் ‘பாதியில் முடிந்த கச்சேரி’ என்று போட்டிருந்தார்கள். அதற்கு மறுநாள் வேறொரு சபாவுக்குப் போனாள். முதல் வரிசையில் பட்டாபிராமன் இல்லை, அவமானத்தில் அங்கேயும் வராமல் இருந்துவிட்டார் போலும். அவர் இருந்தால்தானே கச்சேரியே என்று இத்தனை வருஷமாகப் பழகிய கண்ணுக்கு அந்தக் காலி நாற்காலி பொறுக்கவில்லை. பாட்டு காதிலேயே ஏறவில்லை. பாதியில் எழுந்து வந்தாள். விடிந்ததும் குளித்துவிட்டு, அபயாம்பாள் வீடு மந்தைவெளியில் எங்கே என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சிஷ்யைப் பெண் மைத்ரேயி கதவைத் திறந்தாள். “மாமி யாரையும் பார்க்கறதில்லை” என்றாள். “அந்தச் சீட்டு விஷயமா வந்திருக்கேன்னு சொல்லும்மா” என்று தவமணி சொன்னதும், உள்ளேயிருந்தே, “வரச்சொல்லு” என்று குரல் வந்தது.

அபயாம்பாள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் அந்தச் சீட்டு, காற்றில் பறக்காமல் மேலே மூக்குக்கண்ணாடிக் கூடு.

“நான்தாம்மா எழுதினேன். பேரு தவமணி. தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க. பாவம், பட்டாபி சார் மேல பழி விழுந்துடுச்சு.”

அபயாம்பாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். “தர்மாவுக்கு நீங்க என்ன வேணும்?”

“யாருங்கம்மா தர்மா?”

“எங்க அக்கா. அந்தப் பாட்டு எழுதினவ. உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் அது தெரியும். எழுதின அவளுக்கும் பாடின எனக்கும். அவ போய்ச் சேர்ந்து நாப்பத்திநாலு வருஷமாறது. சீட்டைப் பார்த்ததும் அவளே பின்னால எங்கேயோ உட்கார்ந்து எழுதி அனுப்பினாப்பல இருந்தது எனக்கு. மேலே பாட முடியலை. மங்களத்தை எப்படிப் பாடினேன்னே தெரியலை. சொல்லுங்கோ, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தவமணி தரையைப் பார்த்தபடி சொன்னாள். “கும்பகோணம் எக்ஸ்சேஞ்சுல நான் டிரங்க் ஆபரேட்டரா இருந்தேம்மா. ஞாயித்துக்கிழமை உங்க கால் என் பலகையிலதான் வரும். அந்தப் பக்கம் பேச்சே இல்லையேன்னு ஒரு நாள் கேட்டேன். அப்புறம் விட முடியலை. எல்லா ஞாயித்துக்கிழமையும் கேட்டேன்.”

கத்துவார், போடி வெளியே என்பார் என்று எதிர்பார்த்தாள்.  நிமிர்ந்து பார்த்தால், அபயாம்பாள் கண்ணில் நீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

“அப்போ... அவ தட்டினது? அது கேட்டுதா உங்களுக்கு?”

“கேட்டதும்மா. ஒண்ணுன்னா சரி. ரெண்டுன்னா திரும்பப் பாடணும்.”

“அடியம்மா!” என்று அபயாம்பாள் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “இதை நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லை. எத்தனையோ நாள் எனக்கே சந்தேகம் வந்திருக்கு, நிஜமாவே நடந்துதா, நானா கற்பனை பண்ணிண்டேனான்னு. நீங்க கேட்டிருக்கேளே! மைத்ரேயி, இவாளுக்குக் காபி கொண்டா. நன்னா டிகிரி காபியா, அவசரத்துக்குக் கலக்காதே.” பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சொன்னார். “பட்டாபி விஷயத்தை விடுங்கோ. சேஷகிரிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். அந்த மனுஷனுக்கு முதல் வரிசையைக் குடுக்கலைன்னா கும்பகோணத்துக்கு அழைச்சுண்டு போயிடுவேன்னு சொல்றேன்.”

தவமணிக்கு மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. காபியை வாங்கிக் குடித்தாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அபயாம்பாள் விடவில்லை.

“அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். குரலே போயிடுத்து. என்னைவிட நூறு பங்கு பாடுவா, அவளுக்குப் போய் அப்படி. மெட்ராஸ்ல மாமா ஆத்துல இருந்தா. ஸ்வரம் போட்டுக் கடுதாசி எழுதுவா, நான் ஞாயித்துக்கிழமை மாமனார் கோயிலுக்குப் போற நேரம் பார்த்துப் போன்ல பாடிக் காட்டுவேன். வாராவாரம் ஏகத்துக்கு நேரம் விடுவா எக்ஸ்சேஞ்சுல. யாரோ புண்ணியவதின்னு நினைச்சுப்பேன். நீங்கதானா அது?”

“ஆமாம்மா.”

“நன்னா இருப்பேள்” என்றார் அபயாம்பாள். அப்புறம், கேட்காமலே பாட ஆரம்பித்தார்.

வயதான குரல்தான், ஆனால் அதே அடக்கம், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. ‘சொல்லிழந்து நின்றேன் அம்மா.’ தவமணிக்குக் கண் மூடிக்கொண்டது. பல்லவி, அனுபல்லவி, சரணத்தில் முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. காது முழுவதும் திறந்து காத்திருந்தாள். பாட்டு நின்றுவிட்டது.

“அவ போனப்புறம் இதுக்கு மேல நான் பாடினதே இல்லை” என்றார் அபயாம்பாள். “கடைசி வரி ஒரு சனிக்கிழமை தபால்ல வந்தது. பாடிப் பார்த்துப் பார்த்து, மறுநாள் போன்ல எடுத்தேன். நடுவுல லைன் போயிடுத்து. மழைன்னு சொன்னா அந்தப் பொண்ணு. நீங்கதான் சொன்னேள் போல. செவ்வாக்கிழமை தந்தி வந்தது, அக்கா போயிட்டான்னு.”

தவமணியின் கையிலிருந்த டம்ளர் தானாக மேஜைக்குப் போயிற்று.

“அவ கடைசியா எழுதின வரி அவ காதுல விழுந்துதா இல்லையான்னு தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்” என்று அபயாம்பாள் சொல்லிக்கொண்டே போனார். “எனக்குத்தான் லைன் போச்சு. மெட்ராஸ் பக்கம் உங்களுக்குக் கேட்டிருக்குமே? அதான் உங்களைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்தது. சொல்லுங்கோ தவமணி. அவ தட்டினாளா?”

அவர் அவளுடைய பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழுபது வயதை நெருங்கும் மனுஷி, பரீட்சை முடிவு கேட்கும் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். ‘ஒரு தட்டு, நல்லாக் கேட்டுச்சு’ என்றால் இந்த அம்மாள் கும்பகோணத்தில் கடைசி வரியையும் சேர்த்துப் பாடிவிட்டு நிம்மதியாகத் தம்புராவை வைப்பார். யாருக்கு நஷ்டம்? தவமணி தலையை அசைக்கத்தான் நினைத்தாள். ஆனால் அன்றைக்கு ஆபரேட்டர் குரலில் சொன்ன அதே பொய்யை இன்னொரு தடவை, இந்த முகத்தைப் பார்த்து, இவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சொல்ல அவளால் ஆகவில்லை.

“மழை இல்லீங்கம்மா” என்றாள். “லைன் நல்லாத்தான் இருந்துச்சு. பன்னண்டு நிமிஷம் ஆயிருந்துச்சு. நான் டிக்கெட்டுல ஆறுன்னு எழுதியிருந்தேன். சூப்பர்வைசர் வந்துட்டார். பயந்துபோய் நான்தான் பிடுங்கிட்டேன். நீங்க திரும்பக் கேட்டப்பவும் மழைன்னு பொய் சொன்னேன். கடைசி வரி போகலைம்மா. முதல் எழுத்துகூடப் போகலை.”

 அபயாம்பாள் மெல்லப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துவிட்டு, அந்தச் சீட்டை மடித்தார். மறுபடியும் மடித்தார். மடிக்க இடமில்லாமல் போகும்வரை மடித்தார்.

“முப்பது வாரம் கூடக்கூட விட்டேள்” என்றார். “ஒரு வரிக்கு விடலை.”

“அம்மா, அப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா...”

“தெரியாது. நேக்குப் புரியறது. வேலை போயிடும்னு பயம். சின்னப் பொண்ணு. எல்லாம் புரியறது.” குரல் உயரவே இல்லை. அதுதான் தவமணிக்குத் தாங்கவில்லை. இரண்டு திட்டுத் திட்டினால் காலில் விழுந்திருப்பாள்.

“நான் போறேம்மா” என்று எழுந்தாள். கடைசி வரி என்ன என்று கேட்கும் தகுதி தனக்கு இனி எந்த ஜென்மத்திலும் கிடையாது என்று தெரிந்தது. வாசல் வரை போய்விட்டாள்.

“கும்பகோணத்துக்கு வருவேள் இல்லையா?” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

தவமணி திரும்பினாள். அபயாம்பாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

“வாங்கோ. வராதேங்கோன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனா என் கண்ணுல படற இடத்துல உட்காராதேங்கோ. தூணுக்குப் பின்னால, எங்கேயாவது இருந்து, எனக்குத் தெரியாம கேளுங்கோ. உங்களுக்கு அது பழக்கம்தானே.”